அருவத்தின் முதல் எழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் ஒரே ஓர் எழுத்துதான். பழைய காகிதக் கடையில் ஒரு கட்டு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. தலைப்பு: ‘மறுப்புக்கு மறுப்புக்கு மறுப்பு’. (அச்சுப்பிழை இல்லை, மூன்று தடவைதான்.) கடைசி வரி, ‘ஆகவே இறைவன் அருவம்.’ அதில் அந்த அ மட்டும் பேனாவால் போட்டது. உற்றுப் பார்த்தால் உள்ளே அச்சான உ தெரிந்தது. எல்லாப் பிரதியிலும் அப்படியே.

அருவம் என்றால் வடிவம் இல்லாதது, உருவம் என்றால் வடிவம். ஓர் எழுத்து மாறினால் ஆசாமி எதிர்க்கட்சிக்குப் போய்விடுகிறார். யார் உட்கார்ந்து இத்தனையையும் திருத்தியது? எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘மனிதன் காகிதத்தைக் கண்டுபிடித்ததும் கடவுள் முதன்முதலாக—’

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ‘மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருடமாகிறது.’ இது தேவலை.

மச்சான் அருவக்காரர். அவர் தங்கையின் கணவரான மாப்பிள்ளை உருவக்காரர், ஓவியர். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காகிதத்தில் மட்டும் கிழி கிழி என்று கிழிப்பார்கள். (காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதிராளி முடிக்கும்வரை நம்மால் குறுக்கே பேச முடியாது.) இருவர் எழுதியதையும் கம்ப்யூட்டரில் அடித்து அச்சிடுவது நடுவில் இருந்த அந்தத் தங்கைதான். அச்சகம் அவளுடையது.

3

முதலில் அவளைக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவளாக எழுதினேன். ஒட்டவே இல்லை. இப்படிப் பேசவிட்ட பிறகுதான் உயிர் வந்தது:

“சண்டை போடுறதுன்னா தாராளமா போடுங்க. கையெழுத்தை மட்டும் புரியற மாதிரி எழுதிட்டுப் போடுங்க.”

இப்போது மச்சானுக்கு உடம்பு முடியவில்லை, பார்வையும் போய்விட்டது. படுக்கையிலிருந்தபடி அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டு வந்த பிரசுரம் இது. இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். நாளை அவருடைய மன்றத்தில் கொடுக்கப்போகிறார்கள். அவரையும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்கள். வாழ்நாள் முழுக்கச் சொன்னதை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை.

4

அச்சகத்தில், அடித்து வைத்த பிரசுரக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி மாப்பிள்ளை படித்தார். எதிரியின் முதல் வாசகர் எப்போதும் அவர்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்தார்.

“உங்க அண்ணன் கட்சி மாறிட்டாரு.”

அவள் பிடுங்கிப் பார்த்தாள். ‘ஆகவே இறைவன் உருவம்.’

“ஐயையோ! நான்தாங்க. உங்களுதை அடிச்சு அடிச்சு கை தன்னால உ-வுக்குப் போயிடுச்சு. அண்ணாவைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்களே!”

மறுபடி அச்சடிக்கக் காகிதம் இல்லை. காகிதக் கடைக்கு விடுமுறை. (நான் விட்ட விடுமுறைதான், கண்டுகொள்ளாதீர்கள்.)

மாப்பிள்ளை அப்படியே விட்டுவிட்டு, ‘எதிரியே ஒப்புக்கொண்டார்!’ என்று ஒரு பிரசுரம் போடுவதாக எழுதிப் பார்த்தேன். ‘அவர் மீசையைத் தடவியபடி—’ அதற்கு மேல் போகவில்லை. அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே அவர் படம் வரையும் பேனாவை எடுத்தார். உ-வுக்கு அடியில் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு நெட்டுக்கோடு. அ வந்துவிட்டது. அடுத்த பிரதியை எடுத்தார்.

“நீங்க ஏங்க இதைப் பண்றீங்க?”

“அவரு தோத்தா என்கிட்ட தோக்கணும். உன் டைப்பிங்கிட்ட இல்ல.”

பாதிக் கட்டு முடிந்தபோது அவருக்கு ஒன்று பளிச்சென்று பட்டது.

“பார்த்தியா? அருவம்னு எழுதவே அ-வுக்கு ஒரு உருவம் தேவைப்படுது! இதை வெச்சே உங்க அண்ணனை மடக்கிடலாம்.”

“எழுதுங்களேன்.”

“எழுதினா பதில் சொல்ல ஆள் வேணுமே” என்றார். அடுத்த பிரதியை இழுத்து அதன் மேல் குனிந்தார். (என்னிடம் இருக்கும் பிரதிகளில் ஒன்றில் அந்த நெட்டுக்கோடு கோணல். அது இந்த இடத்தில் போட்டதாக இருக்கட்டும்.)

5

மறுநாள், மன்றம். மச்சான் பிரசுரத்தை மடியில் விரித்துக் கடைசி வரியைக் கட்டைவிரலால் தடவினார். அச்சு விரலுக்குத் தட்டுப்படாது. அழுத்திய பேனா தட்டுப்படும். விரல் நின்றது.

“என்னம்மா இது, கையால போட்டிருக்கு? யாரு?”

தங்கை வாசலைப் பார்த்தாள். அங்கே மாப்பிள்ளை உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிறார்.

அவள் ‘நான்தான்’ என்று சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஓவியர் அப்படியே திரும்பிப் போய்விட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் உண்மையைச் சொல்வதாக இன்னொன்று எழுதினேன். மச்சான், “மாப்பிள்ளை, உள்ள வாங்க” என்றார். எனக்கே அழுகை வந்துவிட்டது, அதனால் அதையும் நம்பவில்லை.

நீங்களே எழுதுங்கள். பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள், அவர் விரலால்தான் படிக்க வேண்டும்.

“அண்ணா, அதைப் போட்டது ____________”