ஹூணர்களின் தலைநகர்

ஹூணர்களைச் சேர்க்கலாமா, வேண்டாமா என்று அந்த அலுவலகம் நாலு மாதமாக அடித்துக்கொண்டது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் குதிரையேறி வந்து, பாதி உலகத்தை நடுங்க வைத்துவிட்டு, இருந்த இடம் தெரியாமல் போனவர்கள். அவர்களுக்காகப் பதினோரு பேர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தினார்கள். வெளியே நின்று கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அக்காவுக்கு வரவில்லை.

அக்கா என்றால் அலுவலகம் முழுவதற்கும் அக்கா. கணினியில் ஆடும் போர் விளையாட்டுகள் செய்கிற கம்பெனி அது. ஆடுகிறவர் ஏதாவதொரு நாகரிகத்தை எடுத்துக்கொண்டு, ஊர் கட்டி, படை திரட்டி, அடுத்தவன் ஊரைப் பிடிக்க வேண்டும். அதில் வருகிற சரித்திரம் சரிதானா என்று பார்ப்பது அக்காவின் வேலை. ஆதாரம் இல்லாமல் ஓர் அம்பைக்கூட உள்ளே விடமாட்டாள். எகிப்து வீரனின் செருப்பு வார் தப்பு என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றவள் அவள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அங்கே குதிரை வரைகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் குதிரைக்காரன். போன வருஷம் அவனுடைய ஒரே மகள், ஆறு வயது, ரத்தத்தில் வந்த நோயில் போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. அவனை அப்படியே விட மனசு வராமல் அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தட்டில் போட்டால் சாப்பிடுவான், கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மனுஷனாகிவிடுவான். எட்டு மாதமாக அவன் செய்தது ஹூணர்களின் குதிரைகள்தான். குட்டைக் கால், பெரிய தலை, கலைந்த பிடரி. ஒவ்வொரு குதிரையும் மூச்சு விடும்போது விலா எலும்பு ஏறி இறங்கும். அதற்கு மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான்.

"அந்தக் குதிரைங்க மட்டும் இல்லேன்னா இவன் என்னிக்கோ ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பான்" என்று அக்கா தன் கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

இப்போது அந்தக் குதிரைகளுக்குத்தான் ஆபத்து வந்தது. புது விளையாட்டில் ஒரே ஓர் இடம் மிச்சம். வடிவமைப்புக்குத் தலைவர் ஹூணர்களுக்கு அந்த இடத்தைத் தர முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். எதையும் அளந்து பார்த்தே பேசுவதால் அவருக்கு மேஸ்திரி என்று பெயர்.

"எழுத்து இல்ல. கோட்டை இல்ல. ஒரு கல்லு மேல இன்னொரு கல்லு வெச்சதுக்குச் சாட்சி இல்ல" என்றார் மேஸ்திரி. "எரிச்சாங்க, போனாங்க. ஆடறவன் கையில இவங்களக் குடுத்தா அவன் என்னத்தக் கட்டுவான்? கொள்ளைக்காரங்களா வெச்சிடலாம். மேப் ஓரத்துலேர்ந்து வரட்டும், ரெண்டு ஊர அடிக்கட்டும், அடி வாங்கிச் சாகட்டும்."

"அப்ப குதிரைங்க?" என்றாள் அக்கா.

"கொள்ளைக்காரனுக்கு ஒரே மாதிரி குதிரை போதும்கா. அது ரெடியாத்தான் இருக்கு." மேஸ்திரி குரலைத் தணித்தார். "ஒளிச்சுப் பேசி என்ன ஆகப்போகுது? ஹூணன் இல்லேன்னா இந்த மாசத்தோட உங்க தம்பிக்கு இங்க வேலை இல்ல. எனக்கும் சங்கடம்தான்."

அக்கா எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசியதே கிடையாது.

"எரிக்காத ராஜ்யம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம். ரோமாபுரிக்காரன் எரிக்கலையா? அவன் எரிச்சப்போ பக்கத்துல உக்காந்து புகழ்ந்து எழுத ஆள் இருந்தான், இவங்களுக்கு இல்ல. ஹூணனப் பத்தி நமக்குத் தெரிஞ்சது பூரா அவன்கிட்ட உதை வாங்கினவன் எழுதினது. மாமியார் சொல்றத மட்டும் கேட்டுட்டு மருமகளுக்குத் தீர்ப்பு எழுதற மாதிரி இருக்கு நீங்க பேசறது!"

அறையில் ஒரே சிரிப்பு. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். "சரி, அஞ்சு கட்டத்தையும் நிரப்பிக் குடுங்க. ஒரு நாள் ஆடிப் பாத்துட்டுக் கை தூக்கி ஓட்டுப் போட்டுடலாம்" என்றார்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அவள் ஹூணர்களுக்காகப் பேசவில்லை. அவர்கள் வாழ்ந்தால் என்ன, நாசமாய்ப் போனால் அவளுக்கென்ன? தம்பி உயிரோடு இருக்க வேண்டும்.

ஐந்து கட்டம் என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். ராஜா, படை, கட்டடம், பேச்சு, ஊர்ப் பட்டியல். ஐந்தும் நிரம்பி அக்காவின் கையெழுத்தும் விழுந்தால்தான் எந்த நாகரிகமும் உள்ளே வரும். ராஜாவுக்குப் பஞ்சமில்லை. படைக்குத் தம்பியின் குதிரைகள். கட்டடத்துக்கு, அந்த ராஜாவைப் பார்க்கப் போன தூதர் ஒருவர் கண்ட மர மாளிகை. பேச்சில்தான் இடித்தது. அவர்களுடையது என்று சொல்லப்படுகிற சொற்கள் மூன்றே மூன்று.

"ரெண்டு குடிக்கறதுக்கு, ஒண்ணு சாவுச் சாப்பாட்டுக்கு" என்று அக்கா வாசித்துக் காட்டினாள்.

"குடும்பம் நடத்த அது போதுமே!" என்றான் பக்கத்து மேஜைக்காரன். எப்படியோ அந்தக் கட்டமும் முனகலும் அதட்டலுமாக நிரம்பியது.

ஊர்ப் பட்டியலில் முட்டுச்சந்து. ஆடுகிறவர் ஊர் கட்டக் கட்டத் திரையில் வரிசையாகப் பெயர் வர வேண்டும், முப்பது பெயர். ஹூணர்கள் விட்டுப்போன ஊர்ப் பெயர் என்று அவள் தேடிய புத்தகம் எதிலும் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அப்போதுதான் தம்பி அவள் மேஜைக்கு வந்து நின்றான்.

"ஊர்ப் பட்டியல நான் போடறேங்கா."

"எங்கேருந்துடா போடுவ?"

"தேடிப் பாக்கறேன். ஆறு, மலைன்னு பழைய பேரு ஏதாவது கிடைக்கும்."

ஒரு வருஷத்தில் அவனாக வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளில் பட்டியல் வந்தது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. மறந்துபோனதால் அல்ல. இல்லாத பெயர்கள் எங்கிருந்தும் வராது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? திறந்தால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் திறக்காமலே போட்டாள். இருபது வருஷ வேலையில் அவள் செய்த முதல் திருட்டு அது.

ஆடிப் பார்க்கும் நாள் வந்தது. காலை பத்து மணிக்குப் பெரிய அறையில் எட்டு பேர் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்தார்கள். யார் என்ன செய்தாலும் சுவரில் இருந்த பெரிய திரையில் தெரியும். ரோமாபுரியை எடுத்தவனுக்குப் பெயரே புல்டோசர். விளையாட்டைச் சோதிப்பது அவன் தொழில், எதிரே இருப்பதைத் தரைமட்டம் ஆக்குவது அவன் சுபாவம். ஹூணர்களைக் குதிரைக்காரன் எடுத்துக்கொண்டான். அக்கா சுவரோரமாக நின்றாள்.

தம்பி முதல் ஊரைக் கட்டினான். ஹூணர்களின் தலைநகர். சுவர்த்திரையில் கொட்டை எழுத்தில் அதன் பெயர் வந்தது.

குழந்தையின் பெயர்.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அந்தக் குழந்தை வெறும் பாப்பா. எல்லோரும், பெற்ற தகப்பன் உட்பட, அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும், ஆஸ்பத்திரிச் சீட்டிலும், கடைசியாக அவளைப் புதைத்த இடத்துக் கல்லிலும்தான் இருந்தது. தம்பி இரண்டாவது ஊர் கட்டினான். அது பாப்பாவின் பொம்மையின் பெயர். மூன்றாவது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணின் பெயர்.

"பேரெல்லாம் நல்லா இருக்கே" என்றார் மேஸ்திரி, காகிதத்தில் எதையோ குறித்தபடி.

ஆட்டம் சூடு பிடித்தது. ஹூணர்களுக்குப் பலமே பாய்வதில்தான். மற்றவர்கள் சுவர் எழுப்புவதற்குள் குதிரைகள் போய்ச் சேர வேண்டும், அதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் தம்பி ஒரு குதிரையைக்கூட வெளியே அனுப்பவில்லை. எல்லாவற்றையும் தலைநகரைச் சுற்றி வட்டமாக நிறுத்தினான். புதிதாக வந்த குதிரைகளையும் அங்கேயே நிறுத்தினான்.

"என்னய்யா இது, குதிரைய வெச்சு வேலி போடற?" என்று புல்டோசர் கேலி செய்தான். "இதோ வரேன் இரு."

வந்துவிட்டான். கல்லெறியும் பொறிகளை இழுத்துக்கொண்டு மேற்கிலிருந்து வந்து, எட்ட நின்றே குதிரைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தான். மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "நான்தான் சொன்னேனே. கட்டிக் காக்க இவங்களுக்கு வக்கில்ல. கொள்ளைக்காரங்கதான்."

அக்காவின் வாயில் 'நிறுத்துங்க' என்ற சொல் வந்து நின்றது. சொன்னால் ஆட்டம் நிற்கும். ஏன் என்று கேட்பார்கள். பட்டியல் பொய் என்பது அம்பலமாகும், ஐந்தாம் கட்டம் காலி, ஹூணர்கள் வெளியே, தம்பியும் வெளியே. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இவன் கண் முன்னாலேயே அது நடக்கும். அவள் அந்தச் சொல்லை மென்று விழுங்கினாள்.

தலைநகர் விழுந்தது. புல்டோசரின் திரையில் கேள்வி வந்தது: வைத்துக்கொள்ளவா, எரிக்கவா?

"வெச்சுக்கிட்டா கலகம் பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் எரித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அதுதான் நல்ல ஆட்டம்.

அந்த விளையாட்டில் ஊர் ஒரேயடியாக எரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் மக்கள்தொகை ஒன்று குறையும். ஒன்பது, எட்டு, ஏழு. பெயருக்குப் பக்கத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ஒரு சீட்டு வரும், பாப்பாவின் பெயரும் பக்கத்தில் ரத்த அணுக்களின் எண்ணும். நேற்றைவிட இன்று குறைவு, இன்றைவிட நாளை குறைவு. இருபத்திரண்டு நாள் அக்காவும் தம்பியும் அந்தச் சீட்டை வாங்கி வாங்கிப் படித்தார்கள். இப்போது அவன் உதடு அசைவதை அவள் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தான். நாலு, மூணு, ரெண்டு. பிறகு அந்தப் பெயர் வரைபடத்திலிருந்து போய்விட்டது. அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தம்பி அழவில்லை. மிச்சமிருந்த குதிரைகள் அத்தனையையும் கிளப்பினான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து அறையே எழுந்து நின்றுவிட்டது. தன் ஊர்கள் எல்லாவற்றையும் காவலில்லாமல் விட்டுவிட்டு அவன் பாய்ந்தான். புல்டோசரின் நாலு ஊர் போயிற்று. தம்பி யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை. பிடித்தான், எரித்தான். பிடித்தான், எரித்தான். புல்டோசர் முடிந்ததும், தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத பக்கத்துக்காரர்களின் ஊர்களையும் எரித்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் அக்காவுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"இவன்தான்யா ஹூணன்!" என்று மேஸ்திரி மேஜையைத் தட்டினார். "இவ்ளோ நாள் இதத்தான் கேட்டேன். மொத்தத்தையும் இழந்தப்புறம்தான் இவங்களுக்கு வேகமே! தலைநகர் விழுந்தா குதிரைக்குப் பலம் ரெட்டிப்புன்னு போட்டுடலாம். கை தூக்குங்க!"

பதினோரு கையும் உயர்ந்திருந்தன. அக்காவின் கையும்தான்.

"ஒரே ஒரு விஷயம்" என்று மேஸ்திரி திரும்பினார். "தலைநகர் பேரு. நாளைக்கு எவனாவது கேப்பான். ஆதாரம் இருக்குல்ல?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இருக்கு" என்றாள் அக்கா. "ஒரு கல்லுல இருக்கு."

"போதும்" என்றார் மேஸ்திரி. "குதிரைக்காரா, இனிமே வெளியீடு வரைக்கும் ஹூணன் உன் பொறுப்பு. தினம் நாலு ஆட்டம் ஆடிப் பாத்து எழுதிக் குடு." அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு மற்றவர்களோடு சாப்பிடப் போனார். புல்டோசர் போகிற போக்கில், "என்ன அடி அடிச்சுட்ட, பாவி!" என்று சந்தோஷமாகத் திட்டிவிட்டுப் போனான்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். அக்கா தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோளைத் தொட நினைத்தவளுக்குக் கை வரவில்லை.

"வாடா, சாப்பிடலாம். வேலை போகல. எல்லாம் சரியாயிடுச்சு."

அவன் அதற்குள் புது ஆட்டம் தொடங்கியிருந்தான். வெட்டவெளியில் மறுபடியும் அந்தப் பெயர், பக்கத்தில் ஒன்று என்ற எண்.

"மேற்குப் பக்கத்த கவனிக்காம விட்டுட்டேங்கா" என்றான். ஒரு வருஷத்துக்கு முந்தைய குரலில், ஆசையாகப் பேசினான். "நீ அங்க உக்காரு. ரோமாபுரிய எடுத்துக்கோ. வந்து அடி. இந்தத் தடவ காப்பாத்திடுவேன்."

"வேணாம்டா. என்னால முடியாதுடா."

"உக்காருக்கா. நீ இல்லேன்னா வேற யாராவது வருவாங்க. தினம் நாலு ஆட்டம்."

அக்கா புல்டோசரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.