உள்ளே ஆள் உண்டா?

மகள் பள்ளியை மாற்றச் சொன்னாள்.

"ஏன்டி?"

"தூரம்மா."

பள்ளி தெருவின் எதிர்த்த சாரியில் இருந்தது. மணி அடித்த பிறகு கிளம்பினாலும் பிரார்த்தனைக்குப் போய்ச் சேரலாம். அம்மா பள்ளி மாற்றும் விண்ணப்பத்தை வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடவில்லை.

அம்மாவுக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார் மேசை வேலை. மேசைக்கென்று ஒரு பழைய போன் உண்டு. அதில் செய்தி வரும், வீடியோ திறக்காது. குடியிருப்புகள் தங்கள் வாட்ஸப் குழுவில் அந்த எண்ணைக் கேட்காமலே சேர்த்துவிடும். எந்தச் செய்தி வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை 'விக்கல் எக்ஸ்பிரஸ்' என்றொரு குழுவில் எண் சேர்ந்தது. இதைவிட மோசமான பெயருள்ள கட்டடங்களை அவள் பார்த்திருந்தாள்.

முதல் செய்தி: "மாட்டிக்கிட்டா டோய்! இனி வெளியவே வர முடியாது!"

அம்மா வழக்கமான பதிலை அனுப்பினாள். "புகாருக்கு நன்றி. பதற வேண்டாம். கட்டடம், மாடி, பழுது, எப்போதிலிருந்து என்ற விவரம் தெரிவிக்கவும். உள்ளே ஆள் உண்டா?"

குழுவில் பதில்கள் வந்தன.

"டேய் யாருடா இது?"

"எவனோ செமயா ஓட்டுறான். நிரப்புங்கடா."

நிரப்பினார்கள். கட்டடம்: ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. மாடி: இரண்டு. பழுது: மேடையில செய்தி வாசிக்கும்போது பதினோரு விக்கல். எப்போதிலிருந்து: போன மாசம், வீடியோ இருக்கு. 'ஹா ஹா'வும் சிரிப்புப் பொம்மைகளும் வரிசையாக விழுந்தன.

கடைசிக் கட்டத்தை யாரும் தொடவில்லை. பிறகு ஓர் எண்ணிலிருந்து வந்தது. "உள்ளே ஆள் இருக்கா. தினமும் பாத்ரூம்ல உக்காந்து சாப்பிடுறா."

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மகளின் வகுப்பு. பயந்தால் மகளுக்கு விக்கல் வரும். அது அம்மாவுக்குத் தெரியும். சாப்பாடு அவளுக்குத் தெரியாது.

மேசையின் எண் எப்படிக் குழுவுக்குள் வந்தது என்பதும் அப்போது புரிந்தது. வகுப்புப் பட்டியலில் மகளுக்கு மட்டும் இரண்டு எண்கள். இரண்டாவது, அவசரத்துக்கென்று அம்மா கொடுத்த புகார் மேசை எண். குழுவைத் தொடங்கிய வகுப்புத் தலைவன் மகளின் எண்ணை நீக்கியிருந்தான். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தான்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பள்ளியில் லிஃப்ட் இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கும் புகாரை ரத்து செய்யக் கூடாது என்பது கம்பெனி விதி. பதினெட்டு வருடமாக அவள் விதியை மீறியதில்லை. ஆளை அனுப்பினாள்.

அனுப்பப்பட்ட மெக்கானிக்கை எல்லோரும் நட்டு என்பார்கள். கழன்ற நட்டைக் கண்டால் சோறு இறங்காத மனிதர். அம்மா அவரிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"பொண்ணுகிட்ட நேரா போகாதீங்க. புகார் குடுத்தவங்ககிட்ட ஆரம்பிங்க."

"அதானேம்மா முறை."

தலைமையாசிரியை அவருடைய கருவிப் பெட்டியைப் பார்த்தார். "எங்க ஸ்கூல்ல லிஃப்டே கிடையாதே!"

"புகார் இருக்கே மேடம்." தாளை நீட்டினார்.

படித்துவிட்டுத் தலைமையாசிரியை கதவைச் சாத்தினார். வகுப்புத் தலைவனை வரவழைத்தார். எல்லோரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தபோது கேப்டன் மாதிரி இல்லை.

நட்டு பேனாவைத் திறந்தார். "'ஹா ஹா'ன்னு போட்டிருக்கே தம்பி. அது என்ன பழுது?"

"அது... சிரிப்பு சார்."

"எத்தனை பேரு?"

"முப்பத்தியாறு."

"ஒவ்வொண்ணா சொல்லு. அவசரமில்ல."

பன்னிரண்டாவது பெயரில் கேப்டன் நிறுத்தினான். "சார், எல்லாரும் சிரிச்சாங்கன்னுதான் நானும்..."

"குரூப்பை ஆரம்பிச்சது நீதானே?"

"ஆமா."

"அப்போ நீ சிரிச்சப்புறம்தான் அவங்க." நட்டு எழுதிக்கொண்டார். "என்ன லாபம் தம்பி?"

"போரடிச்சுது சார்."

அதையும் எழுதிக்கொண்டார். பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில்.

மாலைக்குள் வீடியோ அழிக்கப்பட்டது. குழு கலைந்தது. கேப்டன் வீட்டையும் சேர்த்து முப்பத்தேழு வீடுகளுக்குப் போன் போனது. மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்கு மகள் வந்தாள். நட்டு தாளை நீட்டினார். 'பழுது நீக்கப்பட்டது. பயணி பத்திரமாக வெளியே வந்தார்.'

"மாட்டினவங்க கையெழுத்து போட்டாதான் புகார் மூடும் பாப்பா."

மகள் தாளைப் படித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் இன்னும் வரல அங்கிள்."

"அப்போ நாளைக்கு வரேன்."

வியாழக்கிழமையும் வந்தார். கேப்டன் தாளில் எழுதி வைத்த மன்னிப்பை வாசித்தான்.

"இது அவங்கப்பா எழுதினது," என்றாள் மகள். "அவன் 'தயைகூர்ந்து'ன்னு சொல்ற ஆளா?"

நட்டு அவனைப் பார்த்தார். "பழைய பாகத்தையே துடைச்சு மாட்டினா ஒரு வாரம்கூட ஓடாது தம்பி."

வெள்ளிக்கிழமை தாள் இல்லாமல் வந்தான். அன்று சொன்னது மூன்றே வார்த்தை. அதில் இரண்டு திக்கின. யாரும் படமெடுக்கவில்லை. மதியம், அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பியவள் தன் டப்பாவோடு மகளின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு மகள் நட்டுவின் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பையை வீசினாள்.

"நீதானே அந்த ஆளை அனுப்புனே?"

"விதிப்படிதான் அனுப்புனேன்."

"ஸ்கூல் முழுக்க என்னை லிஃப்டுல மாட்டினவன்னு நினைக்குது! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. தூரம்னே."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அம்மா விண்ணப்பத்தை எடுத்தாள். "இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும். இதைக் கொடுக்கவா, கிழிக்கவா?"

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை.

"கிழிக்காதே," என்றாள். "கொடுக்கவும் வேணாம். டிராயர்ல வை. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அம்மா வைத்தாள். மகள் டிராயரைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள்.