பதினாறு பேர் ஒரே குழாயில்

என்மேல் எனக்கே வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ரோபோவைத் திட்டினால் அதற்கு உறைக்கவா போகிறது?

2003-ல் சத்துவாச்சாரியில் இருந்த எங்கள் மரபணு ஆய்வுக்கூடத்துக்கு அது வந்தது. ஆம்பூர்க் குடும்பங்களில் யாருக்குத் தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் மரபணு இருக்கிறது என்று பார்ப்பது வேலை. பிளேட்டில் தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கு ஒருவருடைய மாதிரி. ரோபோ எட்டுப் பேருடையதை உறிஞ்சி ஒரே குழாயில் கலக்கும். கலவையில் கோளாறு தெரிந்தால்தான் எட்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். தெரியாவிட்டால் எட்டுப் பேருக்கும் ‘இல்லை’ என்று லெட்டர்.

எட்டு என்ன எட்டு, பதினாறாகக் கலந்தால் பாதி நேரம் மிச்சமாயிற்றே! யோசனை என்னுடையது. மேலதிகாரி சாந்தகுமார் சார்தான் தயங்கினார்.

“ஜெயபுஷ்பம், சாம்பிள் வீக்கா இருந்தா கலவைல காணாம போய்டும்மா. வெளியூர் சாம்பிள் போட்டுப் பாத்தியா?”

“பாத்துட்டேன் சார். பக்காவா வருது.”

பச்சைப் பொய். நான் பார்த்தது அன்று காலை இங்கேயே எடுத்த மாதிரிகளை. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில், வெயிலில் வீக்காகி வந்தவற்றைப் போட்டுப் பார்க்கப் பொறுமையில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

பதினாறாக மாற்றிய அந்த வாரமே ஆம்பூரிலிருந்து பில்கிஸின் மாதிரி பஸ்ஸில் வந்தது; முடிவை வாங்க அவளே வந்தாள். மாமன் மகன் முஸம்மிலோடு நிச்சயமாகியிருந்தது. அவனுக்குக் கோளாறு இருந்தது. ஒருவருக்கு மட்டும் என்றால் பாதகமில்லை; இருவருக்கும் இருந்தால் பிறக்கிற குழந்தைக்கு ஆபத்து. அவளுடைய கலவையில் ஒன்றும் தெரியவில்லை. “தைரியமா கட்டிக்கம்மா” என்று நானே லெட்டரைக் கையில் கொடுத்தேன். என்ன திமிர் எனக்கு!

ஐந்து வருடம் கழித்து வந்தாள், கூடவே நான்கு வயது மகள் அம்பரீன். மாதாமாதம் அதற்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். பில்கிஸ் பையிலிருந்து என் லெட்டரை எடுத்தாள். லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

“டாக்டர் எனக்கும் இருக்குன்றாரு. நீங்க இல்லன்னீங்களேக்கா? நான் லெட்டர மாத்திட்டேன்னு மாமியார் சொல்றாங்க. யார் சொல்றது நிஜம்?”

குளிர்பெட்டியில் அவளுடைய பழைய மாதிரி இருந்தது. ரோபோவைத் தொடவில்லை. கையால், தனியாகப் போட்டுப் பார்த்தேன். கோளாறு தெளிவாகவே தெரிந்தது.

மறுநாள் வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தப்பு உன்னுது இல்ல பில்கிஸ். மிஷினுதும் இல்ல. என்னுது. உன் மாமியார்கிட்ட நானே வந்து சொல்றேன். அன்னிக்கே ஒழுங்கா பாத்திருந்தா, இந்தக் கல்யாணமே வேணாம்னு சொல்லிருப்பேன், இந்தக் கொழந்தையும்...”

அவள் சட்டென்று அம்பரீனை இழுத்து, அதன் இரண்டு காதுகளையும் பொத்தினாள்.

“மெதுவா சொல்லுங்கக்கா” என்றாள்.