ஒரே குழாயில் இரண்டு

தேவயானி கையெழுத்துப் போட மறுத்து நான்கு நாளாகியிருந்தது. அந்த நான்கு நாளும் சூரியபிரகாஷ் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கணவனும் மனைவியும் தேனியில் ஒரே ஆய்வகத்தில் இருந்தார்கள். வயல் சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்களை வகை பிரிப்பது வேலை. மீத்தேனை ஃபார்மால்டிஹைடாக மாற்றும்வரை எல்லாவற்றுக்கும் ஒரே வழி. பிறகுதான் பிரியும். முதல் வகை அதைச் சர்க்கரையோடு கோத்து உடம்பாக்கிக்கொள்ளும். இரண்டாம் வகை செரீன் என்ற அமினோ அமிலத்தின் வழியே போகும். இரண்டு வழியின் நொதிகளும் கொண்ட அபூர்வ வகையும் உண்டு. தேவாரம் ஊரில் தன் சொந்த வயலிலேயே அதைப் பிடித்துவிட்டதாக இருவர் பெயரிலும் கட்டுரை எழுதியிருந்தான் சூரியபிரகாஷ். அதில்தான் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள்.

அவன் வளர்த்த சோதனைக் குழாயில் இருப்பது ஒரு பாக்டீரியா அல்ல, இரண்டு என்றாள் தேவயானி. பொறாமை என்றான் அவன்.

மாமியார் கஸ்தூரியம்மாள் சோறு போடும்போது குழம்புச் சட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"நடவு அன்னைக்கு ஈசானி மூலையில பாலும் வெல்லத்தண்ணியும் ஊத்திக் கும்பிட்டோம். அங்கனதான் எம் மகன் மண்ணு எடுத்தான். சாமி மண்ணுல குத்தம் சொல்லுறாளே, இவ வெளங்குவாளா?"

தேவயானி பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். வெல்லமா?

மறுநாள் ஆய்வகத்தில் சர்க்கரை கலந்த வளர்ப்புத் தட்டு ஒன்றை அவன் முன் வைத்தாள். மீத்தேன் தின்னி சர்க்கரையில் முளைக்காது; ஏதாவது முளைத்தால் அது வெல்லம் தின்று வளர்ந்த வேறொன்று.

"குழாயில இருக்கறத நீங்களே இதுல தடவுங்க. நான் தொடமாட்டேன்."

"ஒண்ணும் மொளைக்கலன்னா இந்த லேப் பக்கமே வரக்கூடாது நீ."

"சரி."

அவனே தடவினான், அவனே நாடா ஒட்டி மேலே கையெழுத்திட்டான். இரண்டாம் நாள் தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள். நாடா எங்காவது கிழிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிழியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளைக் கேட்காமலே இரண்டையும் பிரித்துச் சோதித்தான். வெள்ளைக்கு மீத்தேன் தின்னத் தெரியாது. மீத்தேன் தின்னியின் எச்சத்தில் பிழைத்திருந்தது. முதல் வகையின் நொதி இந்த வெள்ளையினுடையதுதான். மீத்தேன் தின்னிக்கு இருந்ததெல்லாம் செரீன் வழி மட்டுமே.

கட்டுரையில் 'இரண்டாம் வகை' என்று திருத்தினான். மேலே அவன் பெயர் மட்டும் இருந்தது.

"எம் பேரு எங்க?"

"கையெழுத்துப் போடமாட்டேன்னவதான நீ."

"பொய்க்குத்தான் மாட்டேன்னேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து தன் பெயரை அடித்தாள், அவன் பெயருக்கு முன்னால். அவன் அதை அழிக்கவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திராமல் படியிறங்கிப் போனான்.