இரண்டு வயதுக்கு ஓர் அங்கி

2006 பங்குனியில் எங்கள் வகுப்பில் ஒரு லெபனான் கதை படித்தோம். அரபியிலிருந்து மொழிபெயர்த்தது. மலைக்கிராமத்துத் தாயொருத்தி, காய்ச்சலில் கிடக்கும் சின்ன மகனுக்குத் துறவியின் மண்ணிற அங்கி தைக்கிறாள். அவனுக்கு அது மிகவும் பெரிது.

அங்கி ஒரு சிறை என்றான் ஒருவன். இடுப்புக் கயிறு விலங்கு என்றாள் இன்னொருத்தி. அது நேர்த்திக்கடன் என்றேன் நான். மன்னாரில் எங்கள் ஆட்களும், பிள்ளை பிழைத்தால் புனித அந்தோனியாரின் மண்ணிற உடுப்புப் போடுவோம் என்று வேண்டிக்கொள்வார்கள்.

"அப்படியானால் அளவு ஏன் பொருந்தவில்லை?" என்றார் ஆசிரியை. கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கல்லூரி இருந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து வீடு வரும்வரை, பஸ்ஸில் எதிரே இருந்தவர்களின் கோட்டுகளையெல்லாம் கதைகளாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

செயின்ட்-மிஷேல் வீட்டில் அஞ்சலீனா அக்கா மண்ணிறத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். முந்தின இரவு, வகுப்புக்காக வாசித்தபோது, அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னது நான்தான்.

றெக்ஸ் அத்தான் வேலையால் வந்து, பனிச் சப்பாத்தோடு வாசலிலேயே நின்றார்.

"உதென்ன?"

"அந்தோனியார் உடுப்பு. நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"அவன் என்ர கையளவு, அஞ்சலீனா. உதுக்குள்ள அவனைத் தேடித்தான் பிடிக்கவேணும்." என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்ர அரபிக் கதையால வந்தது. அதில பிள்ளை தப்பினதோ?"

"சொல்லேல்லை அத்தான். அங்கியை மடிச்சு வைக்கிறதோட கதை முடியுது."

"நல்ல கதை! இதுக்கோ விடிய எழும்பிப் பஸ் பிடிச்சுப் போறாய்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவன் வீட்டுக்கு வருமட்டும் ஒரு காலுறைகூட வாங்கவேண்டாமெண்டு சொன்னனான்," என்றார் அக்காவிடம். "பேந்து அவன் வராமல், இது மட்டும் இஞ்ச கிடந்தால்…"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இது ரெண்டு வயசு அளவு. நேர்த்திக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகமாட்டன். கோயிலுக்கு அவன் நடந்து வரவேணும்."

அந்த மலைக்கிராமத்துத் தாய் அளவு பிசகித் தைக்கவில்லை. ஓடிப்போய் ஆசிரியையிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் அப்போது அத்தானின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். அங்கியை எடுத்து, கீழ்விளிம்பு தரையைத் தொடத் தன் காலோடு வைத்துப் பார்த்தார். அதன் கழுத்து அவருடைய முழங்காலுக்கு மேலே வந்தது.

"ரெண்டு வயசில இவ்வளவு வளர்ந்திடுவானே?"

"ஏன், உங்கட பிள்ளைதானே?"

பிறகு கீழ்விளிம்பைத் திருப்பிப் பார்த்து அக்காவிடம் நீட்டினார்.

"உள்மடிப்புக்குத் துணி காணாது. இன்னும் நாலு விரல் விட்டுத் தை. மூண்டு வயசிலயும் போடுவான்."