பல்லியின் நடுக்கம்

சுவரேறும் பல்லியின் மூக்கு நுனியில் ஒரு கிளிக். பிறகு திரையின் மூலையிலுள்ள பட்டனை அழுத்தினால் அடுத்த படம். திரும்ப மூக்கு, திரும்பப் பட்டன். ஒரு வீடியோவுக்கு ஆறாயிரம் படங்கள். ஆராய்ச்சி மாணவி இரண்டு வருடமாகக் கண் பூத்துப்போக இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட அழைக்க வந்த கொழுந்தன் மென்பொருள் எழுதுகிறவன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன் அண்ணி, கிளிக் பண்ணினா அதுவே அடுத்த படத்துக்குப் போகக் கூடாதா? கை எதுக்கு அங்கயும் இங்கயும் அலையணும்?"

ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தான். சரிபார்க்க அவள் ஒரு பழைய வீடியோவையே மறுபடி எடுத்தாள். மூன்று நாள் வேலை மாலைக்குள் முடிந்தது. கிளிக் செய்த புள்ளிகளை இணைத்தால் பல்லி ஏறிய பாதை ஒரு கோடாக வரும்; பழைய கோட்டின் மேல் புதிய கோட்டைப் போட்டுப் பார்த்தாள். பழையது முழுக்கச் சின்னச் சின்ன நடுக்கம். புதியது வழவழவென்று ஏறியது.

"பல்லி நல்லாத்தான் ஏறுது அண்ணி. நடுங்கினது உங்க கை."

ஏறும்போது பல்லியின் தலை ஏன் நடுங்குகிறது என்றுதான் அவளுடைய பேராசிரியர் அந்தப் பழைய கோடுகளை வைத்து நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, அந்தப் பழைய பட்டனையே திரும்ப வச்சுக் குடுத்துடேன்."