அடுப்பு எரிந்த ஒரே வீடு

வங்காளத்தை அரசாங்கம் இரண்டாகப் பிளந்த அன்று, அதை எதிர்த்துக் கல்கத்தாவில் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஊரே முடிவு செய்திருந்தது. வைத்தீஸ்வரனுடைய அப்பாவின் திதியும் அன்றைக்கென்று வந்து சேர்ந்தது. திதி ஊரைக் கேட்டுக்கொண்டா வரும்?

பவானிப்பூரில் அந்தச் சந்து முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் புகை. நாகலக்ஷ்மி மடியாக வடை தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிராமணர்கள் இலைக்குக் காத்திருந்தார்கள். "இன்றைக்குப் பார்த்தா லீவு?" என்று அலிப்பூர் ஆபீசில் துரை சுதேசிக்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்தது வேறு வைத்தீஸ்வரனை விட்டபாடில்லை.

எட்டு வயது மகள் சாவித்ரி மூலையில் உட்கார்ந்து கையிலிருந்த ராக்கிக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். வங்காளம் ஒன்றுதான் என்பதற்கு அடையாளமாகப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கொடுத்த கயிறு. அன்று பொழுது முழுக்க அடுப்பில் வெந்ததைத் தொடமாட்டேன் என்று எல்லாப் பெண்களோடும் அவளும் சத்தியம் செய்திருந்தாள்.

கதவு இடிபட்டது. வாசலில் கையில் கல்லோடு ஒரு கூட்டம் வாலிபர்கள். புகையைக் காட்டி வங்காளியில் கத்தினார்கள். வைத்தீஸ்வரனுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் அத்துப்படி. தெருப்பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் தேறாது. அந்த வீட்டில் வங்காளி பேசத் தெரிந்தவள் சாவித்ரி ஒருத்திதான்.

"சமைக்கலே, ஹோமப் புகைன்னு சொல்லுடி!" என்று அவளைப் பிடித்து முன்னால் தள்ளினார். ஹோமம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. பொய் சொல்லாதே, சொன்ன சொல்லை மீறாதே என்று தினமும் காலையில் அவளுக்குப் பாடம் நடத்துகிற மனுஷன்!

சாவித்ரி கயிறு கட்டிய கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சமையல்தான் நடக்கிறது," என்றாள் வங்காளியில். "தாத்தாவுக்குச் சிராத்தம். நான் சாப்பிடமாட்டேன்."

முன்னால் நின்றவன் அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிடித்திருந்த கல்லைக் கீழே போட்டான். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

பிராமணர்கள் சாப்பிட்டுப் போனபின் வீட்டாருக்கு இலை போட்டார்கள். பித்ருக்களுக்குப் படைத்த மீதியை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். சாவித்ரி கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு."

"மாட்டேம்ப்பா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சாப்பிடலேன்னா நாளையிலேருந்து பள்ளிக்கூடம் கிடையாது. இந்தப் பிடிவாதமெல்லாம் அந்த டீச்சர்தானே சொல்லிக்கொடுத்தா?"

சாவித்ரியின் கண் நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"சத்தியம் பண்ணச் சொன்னது டீச்சர். பண்ணினா மீறப்படாதுன்னு சொன்னது நீங்கதானேப்பா?"

வைத்தீஸ்வரன் கையை ஓங்கிவிட்டார். நாகலக்ஷ்மி குறுக்கே வந்து மகளின் இலையை எடுத்து மூடினாள்.

"காலம்பற சாப்பிடுவா."

"சிராத்த சேஷத்தை மறுநாளைக்கு வெக்கறதா? மகாபாவம்டி!"

"அந்தப் பாவம் எனக்கு வரட்டும். கல்லுக்கு முன்னாடி குழந்தையைத் தள்ளினேளே, அதைவிடவா? சாப்பிட்டுட்டு அவ பள்ளிக்கூடம் போவா."

ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்தீஸ்வரன் நின்றார்.